மலைநாட்டுத் தோட்டங்களில் ஈரல் நோயும் பராமரிப்பும்: ஒரு வரலாற்றுப் பார்வை

வயிறு ஊதி, கால் வீங்கி, கண் மஞ்சளித்து ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால் நம் மலைநாட்டில் அதைச் சொல்ல மூன்று விதமான பேச்சு உண்டு. பழைய வைத்தியர் மகோதரம் என்பார். லயத்துப் பெண்கள் "வயித்துல தண்ணி போட்டிருச்சு" என்பார்கள். பக்கத்துக் காம்பராக்காரர் குரலைத் தாழ்த்தி, "குடிச்சே கெடுத்துக்கிட்டான்" என்பார். முதல் இரண்டும் நோயைச் சொல்கின்றன. மூன்றாவது, நோயாளிக்குத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவ, தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களில் முற்றிய ஈரல் நோயாளிகளை யார், எப்படிப் பராமரித்தார்கள் என்று தேடப்போனால் இந்தத் தீர்ப்புத்தான் முதலில் வழிமறிக்கிறது. குடிகாரனுக்குப் பணிவிடை எதற்கு என்ற எண்ணம், பராமரிப்பு என்ற பேச்சையே எழவிடாமல் செய்திருக்கிறது.

நம்முடைய அறிவு மரபில் இந்நோய்க்கு வேறு ஒரு பெயர் இருந்தது. அரபு வைத்திய நூல்கள் இதை இஸ்திஸ்கா என்றன. மழை வேண்டி நாம் தொழும் தொழுகைக்கும் அதே பெயர்தான்; தண்ணீர் கேட்டல் என்பது பொருள். வயிறு நிறைய நீர் கிடக்க, நாக்கு மட்டும் வறண்டு தண்ணீர் கேட்டுக்கொண்டேயிருக்கும் ஒரு நோயாளியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். இப்னு சீனா தம் 'அல்கானூன்' நூலில் இதை மூன்றாக வகுத்தார்: தோல்பை போல நீர் நிறைந்தது ஸிக்கீ, முரசு போலக் காற்று அடைத்தது தப்லீ, உடம்பெல்லாம் ஊதியது லஹ்மீ. அந்தலூசியாவின் அஸ்ஸஹ்ராவி வயிற்றைத் துளைத்து நீர் இறக்கும் முறையை எழுதியபோது, எல்லா நீரையும் ஒரேயடியாக இறக்கினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்தார். ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்த எச்சரிக்கை பொய்யாகவில்லை. இன்று 5 லீற்றருக்கு மேல் நீர் எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லீற்றருக்கும் சுமார் 8 கிராம் அல்புமின் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும் என்பது மருத்துவ விதி.

சட்டம் கண்ட நோயாளி

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த கூலிகளில் எத்தனையோ பேர் வழியிலேயே கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானார்கள். தோட்டம் வந்து சேர்ந்தவர்களின் மரணங்களை அக்காலப் பதிவேடுகள் 'வீக்கம்', 'பலவீனம்', 'வயிற்றோட்டம்' என்ற பொதுப் பெயர்களில் எழுதிவைத்தன. அந்த வீக்கத்தில் ஈரல் எத்தனை, சிறுநீரகம் எத்தனை, இரத்தச் சோகை எத்தனை என்று இன்று பிரிக்க வழியில்லை. தமிழிலும் அப்படித்தான்: ஊதுகாமாலை, சோகை, மகோதரம் என்ற சொற்கள் ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று புகுந்து கிடந்தன.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டு ஐந்து ஆண்டுகளில், 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆஸ்பத்திரிச் செலவை யார் தாங்குவது என்று அரசாங்கமும் துரைமாரும் பல்லாண்டு மல்லுக்கட்டினார்கள். பிறகு 1912இல் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும், 10ஆம் இலக்க நோய்கள் (தொழிலாளர்) கட்டளைச் சட்டமும் அடுத்தடுத்து இயற்றப்பட்டன. நோயுற்ற தொழிலாளிக்கு மருந்தும், பிரசவமான பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் இருப்பிடமும் தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமையாயிற்று. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டங்களில் தொடங்கியது.

இவற்றைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. உயிர்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் இவை அனைத்தும் எந்த நோயாளியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டன என்று கேட்கத்தான் வேண்டும். புழுவை அகற்றினால் மண்வெட்டி பிடிக்கத் திரும்பும் ஆள், முப்பது நாளில் கொழுந்துக்குத் திரும்பும் தாய், நாளை பேர்ப் பதிவில் ஏறப்போகும் குழந்தை: இவர்களையே தோட்ட வைத்தியம் கண்டது. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. காலையில் பிரட்டுக்களத்துக்கு வராதவருக்குப் பேர் இல்லை. இனி எந்த நாளும் பேர் விழப்போவதில்லை என்று தெரிந்துவிட்ட மனிதருக்கு டிஸ்பென்சரியில் ஒரு போத்தல் கலவை மருந்து கிடைக்கும். மிச்சம் லயத்துக் காம்பராவின் பொறுப்பு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளும் இருக்க, ஒரு மூலையில் சாக்கு விரித்து அவரைக் கிடத்துவார்கள். மலைக்குப் போகும் மனைவியோ, வயதான தாயோ, பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்ட மகளோதான் அவருக்குத் தாதி. அந்தப் பெண்களுக்கு யாரும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை.

தவறணையும் டிஸ்பென்சரியும்

1912இன் சட்டங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன 9ஆம், 10ஆம் இலக்கங்களுக்கு முன்னால் நிற்கும் 8ஆம் இலக்கம் மதுவரிக் கட்டளைச் சட்டம். சாராயத்துக்கும் கள்ளுக்கும் உரிமம் வழங்கி வரி திரட்டும் ஏற்பாடு அது. தவறணைக்கு உரிமம் தந்த அரசாங்கம், அதே ஆண்டில், அடுத்த இலக்கத்திலேயே டிஸ்பென்சரிக்கும் விதி எழுதியது. கைக்கு எட்டிய தவறணையும், அது எட்டாத இடத்தில் காய்ச்சிய கசிப்பும் தோட்டத்து ஆண்களின் ஈரலை என்ன செய்தன என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஆனால் குடித்தவனின் குற்றம் என்று மட்டும் கணக்கை முடித்துவிட்டால், அவன் குடியில் வருமானம் கண்டவர்களின் பங்கு கணக்கிலேயே வராமல் போய்விடும். மது ஹராம் என்பதில் நமக்கு இரு பேச்சில்லை. மதுவைத் தொட்டவன் சாகக் கிடக்கும்போது அவனுக்கு வாய் நனைக்கக் கூடாது என்று எந்த மார்க்கமும் சொல்லவில்லை.

அதோடு, முற்றிய ஈரல் நோய் என்றாலே குடி என்பது மருத்துவ ரீதியிலும் சரியில்லை. லிந்துலைப் பகுதித் தோட்டங்களில் 35 முதல் 64 வயது வரையானோரிடையே நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, மதுவினால் அல்லாத ஈரல் கொழுப்பு நோய் 18 வீதமானோருக்கு இருப்பதாகக் கண்டது. நாள் முழுக்க மலை ஏறி இறங்கி உடம்பை வருத்துகிற, குறைந்த வருமானமுள்ள மக்கள் இவர்கள். இதே நோய் நீரிழிவோடும் இடுப்புப் பருமனோடும் கைகோத்து நம் கடைவீதி வீடுகளிலும் நடமாடுகிறது. ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் இவர்களில் ஒரு பகுதியினருக்கு ஈரல் இறுகிச் சுருங்கும். வாழ்நாளில் ஒரு துளி மது அருந்தாத ஹாஜியாருக்கும் வயிற்றில் நீர் கோக்கலாம். அப்போது அந்த மூன்றாவது பேச்சை எந்த வாயால் பேசுவது?

பராமரிப்பில் உள்ள வித்தை

ஈரல் இறுகிவிட்ட பிறகு அதைப் பழையபடி ஆக்குவது கடினம். மாற்று ஈரல் சிகிச்சை இன்று ராகமையில் நடக்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்துக்கு வந்த கூலிகளை நோய்த் தடுப்புக்காக மறித்து வைத்த முகாம் இருந்த அதே ராகமைதான். ஆனால் அது எல்லோருக்கும் எட்டக்கூடியதல்ல. எட்டாதவர்களுக்கு மிச்சமிருக்கும் மாதங்களை, சில வேளை ஆண்டுகளை, தாங்கக்கூடியதாக்குவது பெரும்பாலும் தாதியர் வேலையே. அதில் விலையுயர்ந்த கருவி அதிகமில்லை. கண்ணும் கையும் பொறுமையும், கொஞ்சம் பயிற்சியும் போதும்.

முதலாவது நிறை. தினமும் காலையில், அதே தராசில், அதே அளவு உடுப்போடு நிறுத்து எழுதிவைக்க வேண்டும். நீர் வெளியேற்றும் மாத்திரை குடிப்பவருக்குக் கால் வீக்கம் இருந்தால் நாளுக்கு 1 கிலோவுக்கு மேலும், வீக்கம் இல்லாவிட்டால் அரைக் கிலோவுக்கு மேலும் குறையக் கூடாது; குறைந்தால் சிறுநீரகம் அடிபடும். நாளுக்கு இரண்டு மூன்று தரம் கொழுந்து நிறுக்கிற ஊருக்கு இது கடினமான வித்தையல்ல.

இரண்டாவது உப்பு. எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து நாளுக்கு ஒரு தேக்கரண்டி அளவோடு நிற்க வேண்டும். கருவாடும் நெத்தலியும் ஊறுகாயும் ரொட்டிக்குச் சம்பலும்தான் கறி என்றிருக்கும் வீட்டில் "உப்பைக் குறையுங்க" என்ற ஒரு வரி புத்திமதி பயன்படாது. எதைச் சமைக்கலாம் என்று அடுப்படியில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். 'காமாலைக்குப் பத்தியம்' என்று முட்டை, பருப்பு, மீன் எல்லாவற்றையும் நிறுத்துவது இன்னொரு தீங்கு. முற்றிய நோயில் தசை வேகமாகக் கரைகிறது. புரதம் குறையக் கூடாது. சிறிது சிறிதாகப் பல தடவை சாப்பிடவும், படுக்கப்போகுமுன் ஏதாவது வயிற்றுக்குக் கொடுக்கவும் வேண்டும். நீண்ட நேரப் பட்டினி இவர்களுக்கு ஆகாது. ரமழானில் "நோன்பை மட்டும் விடமாட்டேன்" என்று பிடிவாதம் பிடிக்கும் நம் பெரியவர்களுக்கு, நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை இதற்காகத்தான் என்பதை ஆலிமும் வைத்தியரும் சேர்ந்து எடுத்துச் சொன்னால் நல்லது.

மூன்றாவது புத்தித் தடுமாற்றம். ஈரல் வடிகட்டாத நச்சு மூளைக்கு ஏறும்போது நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார். பேச்சுக் குழறும், கோபம் வரும், தெரிந்த பெயர் மறக்கும். கைகளை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால் கைகள் சிறகடிப்பதுபோலத் துடிக்கும். லயத்தில் இதற்குக் கிடைக்கும் விளக்கம் என்ன? "பாரு, இந்த நிலைமையிலயும் குடிச்சிட்டு வெறியில உளர்றான்." இல்லாவிட்டால் பேய் பிடித்ததென்று கோடாங்கியைக் கூப்பிடுவார்கள், நம்மவர்கள் ஓதித் தண்ணீர் கொடுப்பார்கள். ஓதுவது நல்லதுதான், ஆனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ஓத வேண்டும். மலச்சிக்கல், கிருமித் தொற்று, வயிற்றுக்குள் இரத்தக் கசிவு, தூக்க மாத்திரை போன்றவற்றால் வரும் இந்த நிலையைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க முடியும். குடிகாரன் என்ற தீர்ப்பு ஆளைக் கொல்லும் இடம் இதுதான்.

இதைத் தடுக்கக் கொடுக்கும் லக்டுலோஸ் பாணியைப் பல வீடுகளில் இடையில் நிறுத்திவிடுகிறார்கள். நாளுக்கு இரண்டு மூன்று தரம் இளக்கமாக மலம் போக வேண்டும் என்பதுதான் அந்த மருந்தின் நோக்கம். கக்கூசு லயத்துக்கு வெளியே, பனியில், படிகளுக்குக் கீழே இருந்தால் கால் வீங்கிய மனிதர் என்ன செய்வார்? மருந்தை விட்டுவிடுவார். ஆகவே மருந்துச் சீட்டோடு, படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சட்டிக்கு ஏற்பாடு செய்வதும் தாதியின் வேலை.

மலம் தார்போலக் கறுத்தாலோ, இரத்தமாக வாந்தி வந்தாலோ, காய்ச்சலும் வயிற்று நோவும் கண்டாலோ பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடம்பு நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரோபன் வகை மாத்திரைகள் இவர்களுக்கு விஷம். பரசிட்டமோல்கூட வைத்தியர் சொன்ன அளவுக்குள், பொதுவாக நாளுக்கு 2 கிராமுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். அரிப்பு எடுக்கும் தோலுக்கு இளஞ்சூட்டு நீரும், வெட்டிய நகமும், புரட்டிப் படுக்கவைக்கும் கையும் வேண்டும். தாகத்துக்கு ஈரத்துணியால் உதடு நனைத்துக்கொண்டிருக்க ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

மருத்துவிச்சி காட்டிய பாதை

பயிற்சி பெற்ற கை லயத்துக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதைத் தோட்டம் ஏற்கெனவே கண்டிருக்கிறது. ஒரு காலத்தில் லயத்துக் காம்பராவின் இருட்டில் பிரசவம் பார்க்கப்பட்டு, தாயும் பிள்ளையும் மாண்டுபோவது சாதாரண செய்தி. தோட்ட மருத்துவிச்சிகள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கர்ப்பிணிகளின் பெயரைக் கொப்பியில் எழுதினார்கள், நாள் கணக்கு வைத்தார்கள், மாமியார்களோடு வாதாடினார்கள். இன்று லயத்தில் பிரசவம் நடப்பது மிக அரிது. பிறப்புக்கு அந்தப் பாதை போடப்பட்டது. இறப்பை நோக்கிப் போகிறவருக்கு அப்படி ஒரு பாதை இன்னும் சரியாகப் போடப்படவில்லை.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் மறுபடி கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. 1990களிலிருந்து தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்கத் தொடங்கியது. 2017 மே 12ஆம் திகதி இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் கொண்ட டிக்கோயா ஆஸ்பத்திரியை இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். கட்டடம் வந்தது நல்லது. ஆனால் ஈரல் நோயாளியின் மாதங்கள் பெரும்பாலும் கட்டடத்துக்கு வெளியே, லயத்தில் கழிகின்றன. வாட்டுக்குள்ளும் ஒரு சிக்கல் உண்டு. புத்தித் தடுமாற்றத்தின் முதல் அடையாளம் பேச்சில்தான் தெரியும். நோயாளி தமிழில் பேச, தாதிக்குத் தமிழ் தெரியாதென்றால், நேற்றைய பேச்சுக்கும் இன்றைய பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை யார் கண்டுபிடிப்பது? இந்த நோயில் மொழி ஒரு மருத்துவக் கருவி.

மதீனாவிலும் மலப்புரத்திலும்

இதில் முஸ்லிம் வாசகருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம் முன்னோரில் பலர் தோட்டத்து மக்கள் நடந்து வந்த அதே காலத்தில் ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, கம்பளைக் கடைவீதிகளில் கடை வைத்தவர்கள். தோட்டத்துச் சம்பள நாளை நம்பியே நம் அடுப்பும் எரிந்தது. கடன் கொப்பியில் பெயர் இருந்தவர்களின் படுக்கையிலும் நமக்குப் பங்கு உண்டு.

இஸ்லாமிய வரலாற்றில் தாதிப் பணி தொடங்கிய இடத்தை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 5இல் அகழ்ப் போரில் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கச் செய்தார்கள். சஅத் (ரலி) அந்தக் காயத்தாலேயே மரணமானார்கள். நம் வரலாற்றில் பெயர் பெற்ற முதல் தாதியின் கூடாரம், பிழைக்காத ஒரு நோயாளிக்கும் இடம் கொடுத்த கூடாரம். தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் நேரில் சென்று பார்த்ததை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்திருக்கிறது. நோய் விசாரிப்பதற்கு மதம் எல்லையில்லை.

இந்தக் காலத்து உதாரணம் கடலுக்கு அப்பால், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் வலி, ஆறுதல் சிகிச்சைக்கென்று ஒரு சங்கம் உருவானது. அதன் அனுபவத்திலிருந்து 2001இல் மலப்புரத்தில் அயலவர் பராமரிப்பு வலையமைப்பு பிறந்தது. தீராத நோயாளிகளின் வீடுகளுக்குத் தாதியும் பயிற்சி பெற்ற அயலவர்களும் முறைவைத்துப் போனார்கள். கடைக்காரரும் மாணவரும் பஸ் தொழிலாளியும் சிறு தொகை கொடுத்தே செலவைத் தாங்கினார்கள். 2008இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. நம் நாட்டிலும் ஆறுதல் சிகிச்சைக்கான தேசிய மூலோபாயச் சட்டகம் 2019 முதல் 2023 வரைக்கென வகுக்கப்பட்டது. தாள் இருக்கிறது, வாசற்படி ஏறும் கால்கள்தான் குறைவு.

மலைநாட்டு ஜமாஅத்துகள் ஸகாத், ஸதகா நிதிகளால் ஆண்டுதோறும் எத்தனையோ நற்பணி செய்கின்றன. ஒரு தராசு, ஒரு கட்டில் சட்டி, லக்டுலோஸ் போத்தல், கண்டிக்குப் போய் வரும் வாகனச் செலவு ஆகியவையும் அந்தப் பட்டியலில் வரலாம். ஸதகாவுக்கு ஜாதி மத வேறுபாடும் இல்லை. மேலே சொன்ன அபாய அடையாளங்களைப் பேச்சுத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் ஒட்டலாம். வெள்ளிக்கிழமை குத்பாவில் ஒரு முறையாவது, நோயாளியை நோயாளியாக மட்டும் பாருங்கள் என்று சொல்லலாம்.

பாடசாலையில் கற்பிப்பவரின் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு வழமையான வழி உயர்தரத்தில் விஞ்ஞானம் படிப்பதுதான். நுவரெலியா மாவட்டத்தில் தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞான வகுப்புள்ள பாடசாலைகள் தேவைக்குப் போதாது. வகுப்பு இருக்கும் இடத்தில் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் இருக்கும் இடத்தில் ஆய்வுகூடம் இல்லை. டிக்கோயா வாட்டில் ஒரு தோட்டத்து முதியவரின் குழறும் தமிழைக் கேட்டு, "இவர் நேத்து இப்படிப் பேசலையே" என்று உடனே சொல்லக்கூடிய தாதி, அந்த வகுப்பறையிலிருந்துதான் வர வேண்டும். தோட்டத்துப் பிள்ளையோ நம் கடைவீதிப் பிள்ளையோ, விஞ்ஞானம் படிக்க விரும்பும் ஒரு மாணவிக்கு இரண்டு வருடம் கைகொடுப்பது, முப்பது வருட நோயாளிகளுக்குச் செய்யும் ஸதகா. அடுத்த தவணைக்கு எந்தப் பாடசாலையில் எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பதிலிருந்து தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.